பழைய லாரியில் எல்லா சிலிண்டரும் எரிகிறதா? சொட்டுத் தண்ணீரில் தெரிந்துவிடும்

பழைய லாரி பார்க்கப் போனால், குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, இரண்டு மூன்று நிமிடத்தில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் (எல்லா சிலிண்டரின் புகையையும் சேர்த்து வெளியே கொண்டுபோகும் வார்ப்பிரும்புக் குழாய்) ஒவ்வொரு சிலிண்டரின் வாய்க்கு நேராகவும் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். மற்ற இடங்களில் சீக்கிரம் காய்ந்து, ஒன்றில் மட்டும் ஈரம் நின்றால் அந்த சிலிண்டரில் டீசல் சரியாக எரியவில்லை. எரிந்தால்தானே அங்கே சூடான புகை வரும், அவ்வளவுதான் விஷயம். காரணம் இன்ஜெக்டரா (டீசலைப் பீய்ச்சும் பாகம்), கம்ப்ரெஷனா (சிலிண்டருக்குள் காற்று அழுந்துவது), வால்வா என்பதை மெக்கானிக்தான் பார்க்க வேண்டும், ஆனால் விலை பேசுவதற்கு முன்பே இது தெரிந்துவிடுவது பெரிய விஷயம்.

சொட்டுதான், ஊற்றக் கூடாது, சூடான வார்ப்பிரும்பு விரிசல் விடும்.

இன்ஜின் ஏற்கனவே சூடாக இருந்தால் இது உதவாது, வெப்பம் மேனிஃபோல்டு முழுக்கப் பரவியிருக்கும். அதனால் சங்ககிரியோ சேலமோ, போனதும் முதலில் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் மறுநாள் காலையில் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். ஏற்காட்டுக் குளிரில் இன்னும் கொஞ்ச நேரம் ஓடவிட வேண்டும். மேனிஃபோல்டுக்கு மேல் தகடு மூடியிருக்கும் வண்டிகளிலும் முடியாது.

எரியாத சிலிண்டரைக் கண்டுபிடிக்க, இன்ஜெக்டர் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி இன்ஜின் சத்தம் மாறுகிறதா என்று கேட்கும் முறையும் உண்டு, அது பழைய பம்ப் வண்டிகளுக்கு மட்டும்தான். காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும்) இன்ஜினில் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், ஆயிரம் பாருக்கு (ஒரு பார் என்பது கிட்டத்தட்ட நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) மேல் போகும் அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.