பழைய பாக்குவெட்டிக்கு வீட்டிலேயே கருநீல மெருகு

கொழும்பின் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி போன்று கடலை ஒட்டிய பகுதிகளில் பூச்சில்லாத இரும்புப் பொருள்கள் உப்புக்காற்றில் விரைவாகத் துருப்பிடிக்கின்றன. பாக்குவெட்டி, உளி, திருவலைப் பல் ஆகியவற்றுக்குப் பெயின்ற் பொருந்தாது. அது உரிந்து உணவில் கலந்துவிடும். வேட்டைத் துப்பாக்கிக் குழல்களுக்கு நெடுங்காலமாகக் கருநீலம் ஏற்றிவந்த முறையே இவற்றுக்கு ஏற்றது. சிவப்புத் துருவை வேண்டுமென்றே வரவழைத்து, கொதிநீரில் அதைக் கறுப்பு ஒட்சைட்டாக மாற்றுவதுதான் அம்முறை. துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அதை அனுமதி பெற்ற பழுதுபார்ப்பவரிடமே கொடுக்க வேண்டும். தேய்க்கும்போது தொடர் இலக்கம் அழிந்துபோனால் அது சட்டச் சிக்கலாகும்.

முதலில் பொருள் எதனால் ஆனது என்று பாருங்கள். துருப்பிடிக்காத உருக்கிலும் பித்தளையிலும் இம்முறை பலிக்காது. பழைய துருவை நீக்க ஓர் இரவு வினாகிரியில் ஊறவிட்டுக் கழுவி, 240, பின்னர் 400 இலக்க எமரிக் கடதாசியால் ஒரே திசையில் தேயுங்கள்.

அடுத்தது எண்ணெய்ப் பசை நீக்கம். இதில் அவசரப்படுவதாலேயே பெரும்பாலான வேலைகள் திட்டுத்திட்டாக முடிகின்றன. பாத்திரம் கழுவும் திரவத்தால் நன்றாகத் தேய்த்துக் கழுவிய பின் தண்ணீர் ஊற்றினால், அது மணிமணியாக உருளாமல் மெல்லிய படலமாகப் பரவ வேண்டும். உருண்டால் மறுபடி கழுவுங்கள். இதற்குப் பிறகு கையுறையின்றித் தொடக்கூடாது. விரல் ரேகையில் உள்ள எண்ணெயே கறையாக நின்றுவிடும்.

பாமசியில் கிடைக்கும் 3 வீத ஹைட்ரஜன் பெரொக்சைட் 250 மில்லிலீற்றரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, காற்றோட்டமான இடத்தில், பஞ்சால் மெல்லியதாகப் பூசுங்கள். சொட்டு வழியக்கூடாது. மெல்லிய செம்மஞ்சள் தூள் எங்கும் சீராகப் படியும் வரை விட்டுவிடுங்கள். கொழும்பின் ஈரப்பதத்தில் அதற்காகத் தனி ஈரப்பெட்டி எதுவும் வேண்டியதில்லை. எஞ்சிய கரைசலை இறுக மூடி வைத்தால் உள்ளே வாயு சேர்ந்து போத்தல் வெடிக்கக்கூடும் என்பதால், அதை உடனே நிறையத் தண்ணீரோடு ஊற்றிவிடுங்கள்.

இனிக் கொதிக்கவைத்தல். சமையலுக்குப் பயன்படுத்தாத ஒரு பாத்திரத்தில், பற்றரிக்கு ஊற்றும் வடித்த நீரைக் கொதிக்கவிட்டு, பொருளைக் கம்பியில் கட்டி 20 நிமிடம் மூழ்கவிடுங்கள். செம்மஞ்சள் கண்ணெதிரே மங்கி, வெல்வெட் துணியைப் போன்ற கரியாக மாறும். வெளியே எடுத்து ஆறியதும், எண்ணெய் நீக்கிய மிக நுண்ணிய ஸ்டீல் வூலால் அழுத்தாமல் நீவினால் தளர்ந்த கரி உதிர்ந்து, அடியில் சாம்பல் கலந்த நீலம் தெரியும். முதல் சுற்றில் அது வெளிறித்தான் இருக்கும். பூசுதல், கொதிக்கவைத்தல், நீவுதல் ஆகியவற்றை நான்கு தொடக்கம் ஆறு முறை செய்தால்தான் நிறம் ஆழமாகும்.

நிறம் போதுமெனத் தோன்றியதும், உப்பின் எச்சத்தை அகற்றாமல் விட்டால் சில நாள்களிலேயே புதுத்துரு எழும். ஒரு லீற்றர் வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி அப்பச்சோடா கரைத்து அரை மணிநேரம் ஊறவிட்டு, மறுபடி வடித்த நீரில் கொதிக்கவையுங்கள். பாக்குவெட்டியின் ஆணி மூட்டில் தண்ணீர் ஒளிந்திருக்கும் என்பதால், அதைத் திறந்து மூடி வெயிலில் காயவைத்து, சூடு ஆறுமுன் தேங்காய் எண்ணெயை மூட்டுக்குள் இறங்கும்படி தாராளமாகப் பூசுங்கள். ஓர் இரவு கழிந்த பின் மிகுதியைத் துடைத்து, வெட்டும் விளிம்பை மட்டும் சாணை பிடித்து, அவ்விளிம்பில் மெருகு இராது என்பதால் ஒவ்வொரு முறை பயன்படுத்திய பின்னரும் அங்கே ஒரு துளி எண்ணெய் தடவி வையுங்கள்.