டைஸ் உருட்டாமல் அரக்கனைப் பற்றிச் சொல்ல

ஆளுக்கொரு பாத்திரமாகி, டைஸ் உருட்டிக் கதையை நகர்த்தும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தை நடத்துகிறீர்களா? ஆட்டத்துக்கு முன்பே ஒவ்வொரு பாத்திரத்தின் ஆர்க்கானா (மந்திரம்), நேச்சர், ரிலிஜன், ஹிஸ்டரி ஆகிய அறிவுத் திறன்களின் போனஸோடும் 10 கூட்டித் துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். "என் ஆளுக்கு இது தெரியுமா?" என்று கேட்டால் சீட்டைப் பார்த்துச் சொல்லிவிடலாம். எலும்புக்கூடு அரக்கன் தடியடி தாங்காது என்று தெரிந்திருக்க, என் கணக்கில் சீட்டில் 10 இருந்தால் போதும். காயம் தானாக ஆறிவிடும் டிரோல் என்ற அரக்கனின் காயம் தீயோ அமிலமோ பட்டால்தான் ஆறாமல் நிற்கும் என்பதற்கு 15.

வழக்கமாக உருட்டி போனஸைக் கூட்டும் 20 முக டைஸின் சராசரி 10.5 என்பதால் இந்தக் கணக்கு ஏறக்குறைய சரியாக வரும். ஐந்து பேரும் உருட்டினால் யாராவது ஒருவர் ஜெயித்துவிடுவார், அப்புறம் ரகசியம் ஏது? பெங்களூருவில் மணிக்கணக்கில் காசு வாங்கும் போர்ட் கேம் கஃபேயில் உட்கார்ந்தால் நேரமும் பணம்தான். பேயைப் பார்க்காதவருக்கும் அதற்கு வேப்பிலை ஆகாது என்று தெரியும் இல்லையா, அதுபோல டிரோல் திரியும் ஊர்க்காரருக்குச் சீட்டே வேண்டாம்.

2024 விதிகளில் ஒருவர் சண்டை நடுவே தன் முறைக்குரிய ஆக்‌ஷனைச் செலவழித்து 'ஸ்டடி' (அரக்கனை ஆராய்வது) செய்தால் மட்டும் உருட்ட விடுங்கள். நீங்களே உருவாக்கிய அரக்கனுக்கும் இந்தச் சீட்டு முறை ஒத்துவராது.