ஊட்டியில் குடியிருக்க: வீடு பார்ப்பது முதல் சீசனைத் தாண்டுவது வரை

ஊட்டிக்கு மாற்றலாகி வருகிறவர்களும், வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று மேலே குடியேறுகிறவர்களும் பெரும்பாலும் சறுக்குவது வீடு பிடிப்பதில்தான். ஜன்னலைத் திறந்தால் பள்ளத்தாக்கு தெரிகிறதா என்று பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். பள்ளத்தாக்கு ஒரு மாதத்தில் பழகிப்போகும். தண்ணீர், வெயில், சாலை மூன்றும் வருஷம் முழுக்க உங்களோடு இருக்கும். அவற்றைப் பார்த்து எடுத்த வீடு என்றால் இங்கே சுற்றுலா சீசனையும் மழையையும் பனியையும் நிம்மதியாகக் கடக்கலாம்.

வீடு தேட ஏற்ற மாதம்

ஏப்ரல், மே மாதங்களில் தேடாதீர்கள். அப்போது ஒரு நாள் வாடகைக்கு விட்டால் என்ன கிடைக்கும் என்ற கணக்கு உரிமையாளர் மனதில் ஓடிக்கொண்டிருக்கும். வீடும் வெயிலில் காய்ந்து, புது வெள்ளையடித்து, எந்தக் குறையையும் காட்டாது. ஜூலை, ஆகஸ்டில் தென்மேற்குப் பருவமழை பெய்யும்போது பாருங்கள். ஒழுகும் ஓடு, ஓதம் ஏறிய சுவர், வாசலில் பாயும் மழைத்தண்ணீர் எல்லாம் கண்ணெதிரே தெரியும். அலமாரிக் கதவைத் திறந்து மூக்கை வையுங்கள். பூசண வாடை அடித்தால் அந்தச் சுவரில் ஈரம் ஏறியிருக்கிறது என்று பொருள்.

சரிவை வெட்டிக் கட்டிய வீடு என்றால் பின்பக்கத் தடுப்புச் சுவரைக் கட்டாயம் போய்ப் பாருங்கள். சுவரில் தண்ணீர் வடியும் துளைகள் இருக்க வேண்டும், மழை நாளில் அவற்றிலிருந்து தண்ணீர் வர வேண்டும். துளையே இல்லாத சுவரும், துளை அடைத்துக்கொண்ட சுவரும் பின்னால் உள்ள ஈர மண்ணின் பாரம் முழுவதையும் தாங்கி நிற்கின்றன. சுவர் நடுவில் புடைத்திருந்தாலோ, குறுக்காக விரிசல் ஓடியிருந்தாலோ வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். 2009 நவம்பர் மழையில் இந்த நீலகிரி மாவட்டத்தில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது. அப்படிப்பட்ட மழை இங்கே திரும்ப வரும் என்று வைத்துத்தான் வீடு பார்க்க வேண்டும்.

அடுத்தது வெயில். கிழக்கு அல்லது தெற்குப் பார்த்த சரிவில் இருக்கும் வீட்டில் காலை எட்டு மணிக்கே வெயில் இறங்கும். வடக்குச் சரிவிலும் பெரிய மரங்களின் நிழலிலும் உள்ள வீடுகளில் டிசம்பரில் நாளெல்லாம் குளிர் உட்கார்ந்திருக்கும். இரவில் குளிர்ந்த காற்று சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குவதால், மேட்டில் இருக்கும் வீட்டைவிடப் பள்ளத்து வீட்டில்தான் உறைபனி அதிகம் விழும். காந்தல், தலைகுந்தா பக்கம் டிசம்பர், ஜனவரி காலையில் புல்வெளி வெள்ளையாகக் கிடப்பது இதனால்தான். ஏரி ஓரமாக வீடு என்று ஆசைப்படுகிறவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

படிகளையும் எண்ணுங்கள். சாலையிலிருந்து அறுபது படி இறங்க வேண்டிய வீட்டுக்கு கேஸ் சிலிண்டரும் இறங்க வேண்டும், முடியாத வயதில் அம்மாவும் இறங்க வேண்டும்.

தண்ணீரைப் பற்றி உரிமையாளரைக் கேட்பதைவிடப் பக்கத்து வீட்டில் கேளுங்கள். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "ஏப்ரலில் எத்தனை நாளைக்கு ஒரு தடவை தண்ணி விடுறாங்க?" நகருக்குப் பார்சன்ஸ்வேலி, மார்லிமந்து, டைகர்ஹில் போன்ற அணைகளிலிருந்து தண்ணீர் வருகிறது. கோடையில் அணை குறையும் அதே வாரங்களில்தான் ஊர் நிரம்பி வழியும். நான்கு பேர் குடும்பத்துக்குச் சிக்கனமாக நாளைக்கு 400 லிட்டர் என்று வையுங்கள். ஐந்து நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும் தெரு என்றால் 2,000 லிட்டர் தொட்டி வேண்டும். மாடியில் 500 லிட்டர் தொட்டி மட்டும் இருந்தால் ஒப்பந்தம் போடும் முன்பே இன்னொன்று வைக்கச் சொல்லுங்கள். ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொள்ளலாம் என்ற பேச்சை நம்பாதீர்கள், மாவட்டத்தில் அதற்குத் தடை இருக்கிறது. லாரித் தண்ணீர் வாங்குவதானால் வெள்ளிக்கிழமைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். சனி, ஞாயிறு லாரிகள் லாட்ஜுகளுக்குப் போய்விடும்.

ஒப்பந்தத்தை எழுத்தில் போடுங்கள். 2019 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி அதைப் பதிவும் செய்ய வேண்டும். இரண்டு விஷயங்கள் அதில் தெளிவாக இருக்கட்டும். ஒன்று, ஒப்பந்தக் காலத்துக்குள் சீசனுக்காக வீட்டைக் காலி செய்யச் சொல்லக்கூடாது. இரண்டு, அதே வளாகத்தில் மற்ற அறைகளைக் காட்டேஜாக விட்டால் தண்ணீர்த் தொட்டியும் மின் மீட்டரும் உங்களுக்குத் தனியாக இருக்க வேண்டும். லீசுக்குப் பெரிய தொகை கொடுப்பவர்கள் கட்டட அனுமதியின் நகலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். குடியிருப்பு என்று அனுமதி வாங்கிவிட்டு விடுதி நடத்தும் கட்டடங்களுக்கு அதிகாரிகள் சீல் வைப்பது உண்டு. சீல் வைத்த பிறகு லீஸ் பணத்தை மீட்பது பெரும்பாடு.

சீசன்

முதல் சீசன் ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் முதல் வாரம் வரை, மலர்க் கண்காட்சி நடக்கும் மே மாதத்தில் உச்சம். இரண்டாம் சீசன் செப்டம்பர், அக்டோபர். இவை போக ஓணம், ஆயுதபூஜை, கிறிஸ்துமஸ், பொங்கல் விடுமுறைகள். கேரளத்திலும் கர்நாடகத்திலும் லீவு என்றால் இங்கே கூட்டம் என்பதால், அந்த மாநில விடுமுறைப் பட்டியலையும் காலண்டரில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சீசனில் ஊர் ஒரு நேர ஒழுங்கில் நகரும். காலை எட்டரை வரை சேரிங்கிராஸ் காலியாக இருக்கும். பத்தரைக்குமேல் பூங்கா சாலையும் படகு இல்லச் சாலையும் நிற்க ஆரம்பிக்கும். மாலை நான்கிலிருந்து ஏழரை வரை குன்னூர் சாலையில் வண்டி நகராது. ஆகவே மார்க்கெட், உழவர் சந்தை, வங்கி வேலை எல்லாவற்றையும் செவ்வாய், புதன் காலையில் முடித்துவிடுங்கள். பெட்ரோலும் அப்போதே போட்டுக்கொள்ளுங்கள், கைக்காசும் எடுத்து வையுங்கள். ஞாயிறு மாலை ஏடிஎம்மில் பணம் இருக்கும் என்று எண்ணிக் கிளம்பாதீர்கள். உள்ளூருக்குள் ஒன்றிரண்டு கிலோமீட்டர் தூரம் என்றால் நடப்பதுதான் வேகம். பிரதான சாலையைத் தொடாமல் மேலும் கீழும் இணைக்கும் படிக்கட்டுப் பாதைகள் நிறைய உண்டு. வந்த முதல் மாதத்திலேயே அவற்றை நடந்து பழகுங்கள்.

குன்னூரில் வேலை என்றால் மலை ரயிலை மறந்துவிடாதீர்கள். ஊட்டிக்கும் குன்னூருக்கும் இடையே லவ்டேல், கேத்தி, அருவங்காடு, வெலிங்டன் நின்று போகும் ரயில்கள் நாளில் சில முறை உண்டு. சாலை அடைத்துக் கிடக்கும் நாளில் அது சொன்ன நேரத்துக்கு ஒட்டி வந்துவிடும்.

கோடையில் மேட்டுப்பாளையம் சாலைகளை ஒருவழியாக்குவார்கள். ஏறுவது பர்லியார், குன்னூர் வழி. இறங்குவது கோத்தகிரி வழி. கோவையில் ரயிலோ விமானமோ பிடிக்க வேண்டுமானால் சாதாரண நாளில் மூன்றரை மணி நேரம் முன்பும், சீசன் வார இறுதியில் ஐந்தரை மணி நேரம் முன்பும் கிளம்புங்கள். மைசூருக்குப் போகிறவர்கள் பந்திப்பூர் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும் என்பதை வைத்துக் கணக்குப் போடுங்கள். 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கல்லட்டிச் சாலையில் இறங்க வெளிமாவட்ட வண்டிகளுக்கு அனுமதி இல்லை. நீலகிரிப் பதிவெண்ணான டிஎன் 43 வண்டிக்கு உண்டு. ஆனாலும் பழகாதவர் அதில் இறங்கக் கூடாது. எந்த மலைச் சாலையிலும் ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்க வேண்டும். பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டு இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். கருகிய வாடை வந்தால் ஓரங்கட்டி அரை மணி நேரம் ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள்.

2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்துவிட்டது. உங்கள் வண்டி வேறு மாவட்டப் பதிவெண் என்றால், முகவரிச் சான்றோடு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தை அணுகி உள்ளூர்வாசிக்கான ஏற்பாட்டைச் சீசனுக்கு முன்பே செய்துகொள்ளுங்கள். மே மாதம் சோதனைச் சாவடியில் நின்று விளக்கம் சொல்லும்போது பின்னால் நூறு வண்டி ஹாரன் அடிக்கும்.

பக்கத்துக் கட்டடம் காட்டேஜ் என்றால், குடிபோன வாரமே அதைப் பார்த்துக்கொள்ளும் ஆளின் நம்பரை வாங்கி வையுங்கள். இரவு பதினொரு மணிக்குப் பாட்டுச் சத்தம் கேட்டால், வந்திருப்பவர்களிடம் நேரே போய்ச் சண்டை போடுவதைவிட அவருக்கு ஒரு போன் போடுவது பலிக்கும். அதற்கும் அடங்காவிட்டால் 100.

சமையலறை

ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் பானையில் வைத்த சோறு நடுவில் அரிசியாக நிற்கும், பருப்பு குழையாது. குக்கர் இல்லாமல் குடித்தனம் நடக்காது. கீழே மூன்று விசில் விட்டதற்கு இங்கே ஐந்து விடுங்கள். கொண்டைக்கடலை, ராஜ்மாவை முந்தின நாள் மதியமே வெந்நீரில் ஊறப்போடுங்கள்.

மாவு புளிப்பதுதான் புதிதாக வருகிறவர்களை அதிகம் அழவைக்கிறது. கீழே எட்டு மணி நேரத்தில் பொங்கும் மாவு இங்கே பதினாறு, இருபது மணி நேரம் எடுக்கும், ஜனவரியில் முழு நாளும் போதாது. செய்ய வேண்டியது இதுதான். கை பொறுக்கும் சூட்டில் உள்ள தண்ணீர் விட்டு அரையுங்கள். பழைய மாவு இரண்டு கரண்டி சேர்த்துக் கையாலேயே நன்றாகக் கலக்குங்கள். மாவுப் பாத்திரத்தை வெதுவெதுப்பான தண்ணீர் உள்ள பெரிய பாத்திரத்துக்குள் இறக்கி, மூடி, பழைய கம்பளியால் சுற்றி அடுப்புக்குப் பக்கத்தில் வையுங்கள். படுக்கப் போகும் முன் வெளித்தண்ணீரை ஒருமுறை மாற்றுங்கள். நாளைக்கு இட்லி என்றால் இன்று காலையே அரைத்துவிடுங்கள். சோடா உப்பில் மாவு உப்பும், ருசி வராது. தயிருக்கு உறை இரண்டு மடங்கு, பால் கொஞ்சம் கூடுதல் சூடு, ஹாட்பேக்கில் வைத்து மூடிவிட்டால் காலையில் கட்டித் தயிர்.

உறைபனிக் காலையில் சிலிண்டரில் கேஸ் இருந்தும் தீ சிறுத்து எரியும். குளிர்ந்த தரையிலிருந்து சிலிண்டரைத் தூக்கி மரப் பலகைமேல் வையுங்கள். சூடு காட்டுகிறேன் என்று நெருப்பையோ ஹீட்டரையோ அதன் அருகில் கொண்டுபோகவே கூடாது. இரண்டாவது சிலிண்டர் எப்போதும் நிறைந்திருக்கட்டும். மண் சரிந்து சாலை மூடினால் லாரி வராது. மாத்திரை சாப்பிடுகிறவர்களும் ஒரு மாத மருந்தைக் கையில் வைத்திருங்கள்.

குளிரும் ஈரமும்

இந்த ஊரில் உயிரைப் பறிக்கும் விஷயம் கரி அடுப்பு. குளிருக்காகக் கரியை மூட்டிப் படுக்கையறையில் வைத்துக் கதவைச் சாத்தித் தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்ற செய்தி இந்த மலையில் திரும்பத் திரும்ப வருகிறது. புகை அடங்கிய தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையும் இல்லை, நிறமும் இல்லை. தலைவலி, தூக்கம் என்றுதான் ஆரம்பிக்கும். அதற்குள் எழுந்து கதவைத் திறக்கும் தெம்பு போய்விடும். எரியும் எதையும் மூடிய அறையில் வைக்காதீர்கள். கேஸ் கீஸர் குளியலறைக்கு வெளியேதான் இருக்க வேண்டும். வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் வந்து தங்குகிறவர்களிடமும் இதைச் சொல்லுங்கள், அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. ஆயில் ஹீட்டர் பாதுகாப்பானது. 2,000 வாட் ஹீட்டர் மூன்று மணி நேரம் ஓடினால் ஆறு யூனிட். அதற்கு 16 ஆம்பியர் பிளக் வேண்டும். பழைய ஓட்டு வீட்டு வயரிங்கை எலக்ட்ரீஷியனிடம் காட்டாமல் சொருகாதீர்கள். படுக்கைக்கு வெந்நீர்ப் பை போதும்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை துணி காயாது. டிரையர் உள்ள வாஷிங்மெஷினும், மாடியில் ஒளி ஊடுருவும் ஷீட் போட்ட கொடியும் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி நிறுத்துங்கள். தோல் பொருட்கள், சான்றிதழ்கள், கேமரா எல்லாம் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு இருக்கட்டும். வெயில் வரும் ஒரு மணி நேரத்தில் ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள்.

பூச்செடிகளை நவம்பர் முதல் மாலையிலேயே மூடுங்கள். தாவரவியல் பூங்காவில் நாற்றுகளுக்குக் கோத்தகிரி மிலார் செடியைப் பரப்பி மூடுவார்கள். வீட்டில் பழைய சேலை போதும், இலையைத் தொடாமல் குச்சி நட்டு அதன்மேல் போடுங்கள். மூடாமல் விட்ட செடியில் பனி படிந்திருந்தால் வெயில் படுவதற்கு முன் தண்ணீர் தெளித்துக் கரைத்துவிடுங்கள். உறைந்த இலைமேல் நேராக வெயில் விழுந்தால் கருகிவிடும்.

காட்டு விலங்குகள்

குப்பைதான் அவற்றை அழைக்கிறது. ஈரக் குப்பையை இரவில் வெளியே வைக்காதீர்கள், வண்டி வரும் காலையில் எடுத்துப் போடுங்கள். எண்ணெய் வாடைக்குக் கரடி கதவையே உடைக்கும். எண்ணெய் டின்னைத் திண்ணையிலும் கொட்டகையிலும் வைக்க வேண்டாம். நாயை இரவில் உள்ளே விடுங்கள், சிறுத்தைக்கு அது சுலபமான இரை. தெருவில் காட்டெருமை நின்றால் முப்பது மீட்டர் தள்ளி நின்று அது போகும்வரை காத்திருங்கள். ஹாரன் அடிப்பதும், விளக்கை அதன் கண்ணில் அடிப்பதும், குறுக்கே புகுந்து ஓடுவதும்தான் முட்டுப்படுவதற்குக் காரணம். தனியாக நிற்கும் கிழட்டுக் காளையிடம் இன்னும் எச்சரிக்கை தேவை.

சொந்தக்காரர்கள்

மே மாதம் உங்கள் வீட்டுக்கு எல்லோரும் வருவார்கள். வரட்டும், ஆனால் மார்ச்சிலேயே நீங்களே தேதி சொல்லி அழையுங்கள், திங்கள் முதல் வியாழன் வரை என்று. தலைக்கு நூறு லிட்டர் தண்ணீர் கூடும் என்று கணக்கிட்டு லாரி சொல்லி வையுங்கள். சொந்த வண்டியில் வருகிறவர்கள் இ-பாஸ் எடுத்துக்கொண்டு கிளம்பட்டும். அரசுப் பேருந்தில் வந்தால் அந்தத் தொல்லை இல்லை. ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் மாவட்டத்துக்குள் கூடாது, ஆளுக்கு ஒரு சில்வர் பாட்டில் கொண்டுவரச் சொல்லுங்கள். குழந்தைகளுக்கு மலைப் பாதையில் வாந்தி வந்தால் மேட்டுப்பாளையத்தில் வயிறு முட்டச் சாப்பிட்டதுதான் காரணமாக இருக்கும். இரண்டு இட்லியோடு ஏறச் சொல்லுங்கள். திரும்பும் நாளில் காலை ஏழு மணிக்குள் கோத்தகிரி வழியாக அனுப்பிவிட்டால் மதியச் சாப்பாட்டுக்குக் கோவையில் இருப்பார்கள்.