‘உறுதி’ என்ற தலைப்பைக் கண்டால் இடைவெளியைப் பாருங்கள்

வெள்ளவத்தைத் தேநீர்க் கடையில் பத்திரிகையைப் புரட்டும்போது, ‘புதிய மருந்து இரத்த அழுத்தத்தைக் குறைப்பது உறுதி’ என்ற தலைப்பு கண்ணில் பட்டால், வைத்தியரிடம் அதைக் கேட்கப் புறப்படுவதற்கு முன் ஆய்வுச் சுருக்கத்தில் 95 சதவீத நம்பிக்கை இடைவெளியை (உண்மையான குறைவு எவ்வளவாக இருக்கலாம் என்று ஆய்வு காட்டும் வீச்சை) தேடிப் பாருங்கள். சராசரிக் குறைவு 4 அலகுகள், இடைவெளி 0.5 முதல் 7.5 வரை என்றிருந்தால், பூச்சியம், அதாவது விளைவே இல்லாமை, அதற்குள் அடங்காததால் முடிவு புள்ளிவிபர ரீதியில் பொருளுடையது என்று எழுதிவிடுவார்கள். ஆனால் அரை அலகுக் குறைவால் நோயாளிக்கு ஆகப்போவது எதுவுமில்லை என்பதால், பயன் பெரிதா அற்பமா என்பது இன்னும் தெளிவாகவில்லை என்றே கொள்ள வேண்டும்.

இத்தகைய ஆய்வுகளில் தரப்படும் பி பெறுமானம் (p-value) 0.04 என்றால் முடிவு 96 சதவீதம் உண்மை என்று பொருள்கொள்வது (படித்தவர்களும் செய்யும் தவறுதான்) சரியன்று. மருந்துக்கு விளைவே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வேறுபாடு தற்செயலாகத் தோன்றும் வாய்ப்பு 4 சதவீதம் என்பதையே அது சொல்கிறது. பி பெறுமானம் 0.05க்குக் குறைந்தால் முடிவு பொருளுடையது என்னும் எல்லையும் 1920களில் புள்ளிவிபரவியலாளர் ரொனால்ட் பிஷர் வசதி கருதி வழக்கப்படுத்தியதே, 0.049க்கும் 0.051க்கும் நடுவே மதில் எதுவும் இல்லை.

கருத்துக்கணிப்பிலும் இதே கவனம் தேவை. புறக்கோட்டையில் எழுமாற்றாகத் தெரிவுசெய்த 100 பயணிகளில் 52 பேர் பஸ்ஸைவிடப் புகையிரதத்தையே விரும்புவதாகச் சொன்னால், சிலரை மட்டும் கேட்பதால் வரும் வழு இருபுறமும் ஏறத்தாழ 10 சதவீதப் புள்ளிகள் இருப்பதால் அதைப் பெரும்பான்மை என்று கூற முடியாது. அவ்வழுவைப் பாதியாக்க 400 பேரிடம் கேட்க வேண்டியிருக்கும்.