/29 சப்நெட்டுக்கு ரிவர்ஸ் டிஎன்எஸ் அமைப்பது எப்படி

சொந்த நேம்சர்வரில் பிடிஆர் (ஓர் ஐபிக்கு உரிய பெயரைச் சொல்லும் பதிவு) எழுதியாயிற்று, ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் வரவில்லை. ஐபியிலிருந்து பெயரைக் கண்டுபிடிக்கும் ரிவர்ஸ் டிஎன்எஸ்ஸில் பலரும் முட்டி நிற்பது இங்கேதான். டொமைன் உங்களுடையது, ஐபியின் பிடிஆர் பதிவுகள் இருக்கும் ரிவர்ஸ் சோனோ அந்த ஐபியைக் கொடுத்த புரொவைடரின் கையில். அவர்கள் பக்கத்து வேலை முடியாதவரை நீங்கள் எழுதியது யார் கண்ணிலும் படாது.

உதாரணத்துக்கு 203.0.113.64/29 என்ற சப்நெட் (ஐபித் தொகுதி). மொத்தம் 8 முகவரி. 64 நெட்வொர்க், 71 பிராட்காஸ்ட், கேட்வேக்கு ஒன்று. சர்வர்களுக்கு மிஞ்சுவது 5. இந்த ஐந்துக்காக டெலிகேஷன் (சோனின் பொறுப்பை உங்கள் நேம்சர்வருக்கு மாற்றித் தருவது) கேட்கும் முன், புரொவைடரின் கன்ட்ரோல் பேனலிலேயே பிடிஆர் போட முடிகிறதா பாருங்கள். முடிந்தால் அதுவே போதும்.

முடியாவிட்டால் 1998-இல் வந்த ஆர்எஃப்சி 2317 என்ற இணைய ஆவணம் சொல்லும் முறைதான் வழி. ரிவர்ஸ் சோன் புள்ளி இருக்கும் இடத்தில்தான் பிரியும். /29-ஐ அப்படியே வெட்டித் தர முடியாது. அதனால் புரொவைடர் தன் 113.0.203.இன்-அடர்.ஆர்ப்பா சோனில் இரண்டு வேலை செய்ய வேண்டும். 64-71 என்ற துணை சோனுக்கு உங்கள் நேம்சர்வர்கள் இரண்டையும் என்எஸ் (சோனுக்குப் பொறுப்பான சர்வரைச் சொல்லும் பதிவு) ஆகப் போட வேண்டும். பிறகு ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு சிநேம் (வேறொரு பெயரைக் காட்டும் பதிவு): 66 என்பது 66.64-71.113.0.203.இன்-அடர்.ஆர்ப்பாவைக் காட்ட வேண்டும். புரொவைடருக்கு அனுப்பும் டிக்கெட்டிலேயே சோன் பெயரை எழுதிக் கொடுங்கள். 64/29 என்று வைப்பவர்களும் உண்டு. அந்தச் சாய்கோடு ஃபைல் பெயரில் நுழைந்தால் டைரக்டரி என்று எடுத்துக்கொள்ளும். எந்தப் பெயரானாலும் இரு பக்கமும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும்.

பைண்ட் என்ற டிஎன்எஸ் சர்வர் மென்பொருளில் அதே பெயரில் சோன் திறந்து, எஸ்ஓஏ (சோனின் தலைப்பு வரி), என்எஸ் வரிகளுக்குக் கீழே:

66 ஐஎன் பிடிஆர் மெயில்.எக்ஸாம்பிள்.காம்.

கடைசிப் புள்ளியைக் கவனியுங்கள். அது விடுபட்டால் சோனின் முழுப் பெயரும் பின்னால் ஒட்டிக்கொள்ளும். பைண்டின் சோதனைக் கட்டளையான நேம்ட்-செக்சோன் இதைப் பிழையென்று சொல்லாது. திருத்தும் ஒவ்வொரு முறையும் எஸ்ஓஏவில் உள்ள சீரியல் எண்ணைக் கூட்டுங்கள், இல்லாவிட்டால் இரண்டாவது சர்வர் பழைய பிரதியையே கொடுத்துக்கொண்டிருக்கும்.

சோதிக்கும்போது ஒரு குழப்பம் வரும். டிஎன்எஸ்ஸைக் கேட்டுப் பார்க்கும் 'டிக்' கட்டளையில் ஐபியைக் கொடுத்து உங்கள் சர்வரையே கேட்டால் மறுப்பு வரலாம்; புரொவைடரிடம் உள்ள தாய் சோன் அதனிடம் இல்லை, அவ்வளவுதான். உங்கள் சர்வரிடம் 66.64-71 என்று தொடங்கும் முழுப் பெயரைக் கேளுங்கள். ஐபியைக் கொடுத்துக் கேட்பதற்கு வெளியிலுள்ள ரிசால்வர் (பதிலைத் தேடித் தரும் டிஎன்எஸ் சர்வர்) ஒன்றைப் பயன்படுத்துங்கள். சிநேம், பிடிஆர் இரண்டும் பதிலில் தெரிய வேண்டும். சிநேம் மட்டும் வந்தால் கோளாறு பெரும்பாலும் உங்கள் பக்கம்; புரொவைடர் என்எஸ் போடாமல் விட்டிருந்தாலும் இப்படி வரலாம். அதுவும் வராவிட்டால் புரொவைடர் பக்கம்.

மெயில் சர்வருக்கு இது பாதி வேலைதான். பிடிஆர் காட்டும் பெயரின் ஏ ரெக்கார்டு (பெயருக்கு உரிய ஐபியைச் சொல்லும் பதிவு) அதே ஐபிக்குத் திரும்பி வர வேண்டும். மெயில் சர்வர் தன்னை அறிமுகப்படுத்தும் ஹெலோவிலும் அதே பெயரைச் சொல்வது நல்லது. ஒரு ஐபிக்கு ஒரே பிடிஆர் வையுங்கள். சர்வரில் ஐபிவி6 இருந்தால் அதற்கும் ஐபி6.ஆர்ப்பாவில் தனி பிடிஆர் வேண்டும். இல்லையேல் அந்த வழியாகப் போகும் மெயிலை ஜிமெயில் திருப்பி அனுப்பும்.