ஓர் எழுத்து, இரண்டு ஒலி: உரக்கப் படிப்போர்க்கு

'பீமன் கதையை எடுத்தான்' என்ற தொடரில் உள்ள கதை, சொல்லக் கேட்கும் கதை அன்று. கேட்கும் கதை 'அக்கா' என்பதிலுள்ள வல்லொலியோடு தொடங்கும். பீமனின் படைக்கலமோ 'தங்கம்' என்பதில் ககரம் பெறும் அதிர்வொலியோடு தொடங்கும். தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து என்பதால், வகுப்பிலோ மேடையிலோ படிப்பவர் வாய் திறக்குமுன்பே எது என்று தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

ஐயம் எழும் இடம் பெரும்பாலும் சொல்லின் முதலெழுத்துதான். நடுவில் வல்லெழுத்து இரட்டித்தால் வல்லொலி, இன மெல்லெழுத்தை அடுத்து வந்தால் அதிர்வொலி என்பது நாவுக்கே பழகிய வழக்கம். ஆகவே வடமொழியிலிருந்து வந்த சொற்களின் தொடக்கத்தைக் கவனித்தாலே பாதிக்கு மேல் தெளிந்துவிடும்.

பிறகு, அச்சொல் எந்த வினையோடு வருகிறது என்று பாருங்கள். ஒருவர் செய்யும் பாவத்துக்கு 'அப்பா'வின் பகரம். நடனத்தில் முகத்தில் காட்டும் பாவத்துக்கு 'அம்பு' என்பதன் பகரம். கொடுக்கும் தானம் 'பந்து' என்பதன் தகரத்தோடும், ராகத்துக்குப் பின் பல்லவிக்கு முன் பாடும் தானம் 'பத்து' என்பதன் தகரத்தோடும் தொடங்கும்.

செய்யுளில் இன்னும் நிதானம் வேண்டும். 'கான மயிலாடக் கண்டிருந்த வான்கோழி' என்னும் மூதுரை அடியில் கானம் என்பது காடு. அதற்கு வல்லொலியே உரியது. இசையைக் குறிக்கும் கானத்தின் நினைவில் அதிர்வொலியோடு படித்தால், காட்டு மயில் பாட்டு மயிலாகிவிடும். அடுத்த அடியிலுள்ள 'பாவித்து' என்பதோ, பாவனையோடு உறவுடைய சொல்லாதலால், அதிர்வொலியையே வேண்டுகிறது. இவ்விரண்டையும் விளக்காமல் பிள்ளைகளை ஒப்பிக்க வைப்பது அவ்வெண்பாவுக்கு இழைக்கும் அநீதி என்றே கருதுகிறேன்.

அப்போதும் தெளியவில்லையெனில், சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியைப் பாருங்கள். ஒரே வடிவமுள்ள சொற்கள் அதில் தனித்தனி எண்ணோடு இருக்கும். தலைச்சொல்லை அடுத்துள்ள ரோமன் வடிவம் இங்கே உதவாது, வடமொழி மூலத்தைக் காட்டும் குறிப்பே உதவும்.

எழுதுவோர் 'கதாயுதம்', 'முகபாவம்' என்று விரித்து எழுதினால் ஐயமே எழாது. சுலோக நூல்களில் உள்ளதுபோல் க³தை, பா⁴வம் என அதிர்வொலியைக் காட்ட எண்ணிடுவது பொது உரைநடைக்குப் பொருந்தாது. ஆனால் மேடைக்கு எடுத்துச் செல்லும் படியில், இடறக்கூடிய சொல்லின்மேல் அவ்வெண்ணைப் பென்சிலால் குறித்துக்கொள்ளலாம்.