குதிரை வாங்குமுன்: நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகுதான் சேணம் பூட்டட்டும்

குதிரையைப் பார்க்கப் போகும்போது, நீங்கள் வந்த பிறகுதான் அதைப் பிடித்துச் சேணம் பூட்ட வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். பிடிக்க வந்தால் விலகி ஓடுகிறதா, வயிற்றுவாரை இறுக்கும்போது காதைப் பின்னுக்கு மடித்துக் கடிக்கத் திரும்புகிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். நீங்கள் போகும்போதே குதிரையின் முதுகு வியர்த்திருந்தால் உஷார். துள்ளல் அடங்கட்டும் என்று ஏற்கெனவே ஓட்டிக் களைக்க வைத்திருக்கலாம்.

அப்புறம், கெட்டியான சமதரையில் கயிற்றைத் தளர்வாகப் பிடித்து மெதுவாக ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஒரு முன்னங்கால் தரையில் படும்போதெல்லாம் தலை மேலே எழும்பினால் வலி பெரும்பாலும் அந்தக் காலில்தான். குளம்புகளையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சூடாக இருந்தால் விடாமல் விசாரியுங்கள்.

புதிதாகச் சவாரி பழகுகிறவருக்கு 10 வயதைத் தாண்டிய, நன்கு பழகிய குதிரையே நல்லது. 'குட்டியும் நானும் சேர்ந்தே கற்றுக்கொள்வோம்' என்பது கேட்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான். ஆளும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான கணக்கு. 450 கிலோ குதிரைக்கு 90 கிலோ.

பிடித்துப்போனாலும் உடனே முன்பணம் கொடுக்காதீர்கள். விற்பவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு கால்நடை மருத்துவரைக் கூட்டிவந்து சோதியுங்கள். ரத்த மாதிரியும் எடுக்கச் சொல்லுங்கள். நொண்டலை மறைக்க வலி மருந்து கொடுத்திருந்தால் பரிசோதனையில் பிடிபட வாய்ப்புண்டு. தத்தெடுப்பதானாலும் இந்தச் சோதனையை விட வேண்டாம்.